கிளினிக்குக்கு ஒத்திகை வேண்டாம்

பிரிட்டனில் வாழும் தமிழர்கள் பலர், 'உங்களைப் பெரியவர்களுக்கான ஆட்டிசம் கிளினிக்குக்கு அனுப்புகிறோம்' என்ற கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு தூக்கம் கெட்டு எழுதியிருக்கிறார்கள். அவர்கள் வீட்டாரும் எழுதியிருக்கிறார்கள். பெயர்களை எடுத்துவிட்டு, இந்த முறை பகுதி முழுவதையும் அவர்களுக்கே கொடுக்கிறேன்.

ஐ.டி. ஊழியர், ஹாரோ

கே: எனக்கு 34 வயது. 'ஆட்டிசமாக இருக்கலாம், ஸ்பெஷலிஸ்ட் கிளினிக்குக்கு எழுதுகிறேன்' என்று ஜி.பி. சொன்னதிலிருந்து வயிற்றைக் கலக்குகிறது. எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று அர்த்தமா?

ப: இல்லவே இல்லை. ஆட்டிசம் மனநோய் கிடையாது. நடுவில் வந்து தொற்றிக்கொள்வதும் கிடையாது. மூளை ஆரம்பத்திலிருந்தே வளர்ந்த விதம் அது. சுமார் நூறு பேரில் ஒருவர் அப்படி இருக்கிறார். பிரிட்டனில் மட்டும் ஏழு லட்சம் பேர் இருக்கலாம் என்பது அங்குள்ள நேஷனல் ஆட்டிஸ்டிக் சொசைட்டியின் கணக்கு.

உங்கள் ஜி.பி. (குடும்ப டாக்டர்) அநேகமாக ஏ.க்யூ-10 என்ற பத்துக் கேள்வித் தாளை நிரப்பச் சொல்லியிருப்பார். அதில் 6 அல்லது அதற்கு மேல் வந்தால், 'முழுதாகப் பார்த்துவிடலாம்' என்று எழுதி அனுப்புவது வழக்கம். அந்த மதிப்பெண்ணின் அதிகாரம் அதோடு முடிந்தது. ஜி.பி. ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்; பதில் சொல்ல வேண்டியது கிளினிக். உங்களுக்கு இன்னும் யாரும் எந்தப் பெயரும் வைக்கவில்லை.

கடை உரிமையாளர், கிராய்டன்

கே: சாதாரண டாக்டர் போதாது, ஸ்பெஷலிஸ்ட் வேண்டும் என்கிறார்களே! அவ்வளவு முற்றிவிட்டதா?

ப: பார்வை போய்விட்டதாலா கண்ணாடிக்கு அளவு எடுக்கக் கண் டாக்டரிடம் போகிறோம்? அதைச் சரியாகப் பார்க்கத் தெரிந்தவர் அவர் என்பதால் போகிறோம். பெரியவர்களுக்கு ஆட்டிசம் உண்டா என்று உறுதிசெய்வதை இங்கிலாந்தில் பயிற்சி பெற்ற குழுதான் செய்ய வேண்டும் என்கிறது, மருத்துவத் தரங்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2012-ல் வெளியிட்ட வழிகாட்டுதல். லேசாக இருந்தாலும் கடுமையாக இருந்தாலும் வாசல் அதுதான்.

பல்கலைக்கழக மாணவி, மான்செஸ்டர்

கே: எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும்? யாரும் சரியாகச் சொல்ல மறுக்கிறார்கள்.

ப: ஜி.பி. எழுதிய மூன்று மாதத்துக்குள் பரிசோதனை தொடங்க வேண்டும் என்பது நைஸ் வகுத்த தரம். நடைமுறையில் பல இடங்களில் மாதக்கணக்கு ஆகிறது. சில இடங்களில் வருடக்கணக்கு. குழந்தைகளையும் சேர்த்து, இங்கிலாந்தில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்த வரிசையில் நிற்கிறார்கள். இது நியாயமே இல்லை. இந்த நாட்களில் பதற்றம் கூடுவது உங்கள் பலவீனத்தால் இல்லை. முடிவு தெரியாமல் நிற்கும் எவருக்கும் அப்படித்தான் இருக்கும்.

கையில் இருப்பதைச் செய்யலாம். இங்கிலாந்தில் 'ரைட் டு சூஸ்' என்ற உரிமை இருக்கிறது. அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். உடன் ஒப்பந்தம் உள்ள வேறொரு கிளினிக்குக்கு அனுப்பச் சொல்லி ஜி.பி.யிடம் கேட்கலாம், உங்கள் கையிலிருந்து காசு போகாது. தூக்கமின்மை, படபடப்பு, மனச்சோர்வு இருந்தால் அதற்கான உதவியை இன்றைக்கே கேளுங்கள். 'ஆட்டிசம் முடிவு வரட்டும், அப்புறம் பார்க்கலாம்' என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பல்கலைக்கழகத்தின் மாற்றுத்திறனாளர் உதவிப் பிரிவையும் இப்போதே போய்ப் பாருங்கள்.

வாசகர், கார்டிஃப்

கே: எங்களுக்கும் அந்த 'ரைட் டு சூஸ்' உண்டா?

ப: கிடையாது. அது இங்கிலாந்துக்கு மட்டும். வேல்ஸ், ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து மூன்றுக்கும் தனித்தனி ஏற்பாடு. லண்டன் நண்பர் சொன்ன வழியில் போய் அலைய வேண்டாம்; உங்கள் ஜி.பி.யிடமே கேளுங்கள்.

பள்ளி உதவி ஆசிரியை, ஈஸ்ட் ஹாம்

கே: அந்த அறைக்குள் என்னதான் நடக்கும்? அது தெரியாததுதான் என் பெரிய பயமே.

ப: தெரிந்துகொண்டே போங்கள். ஊசி இல்லை, ரத்தப் பரிசோதனை இல்லை, ஸ்கேன் இல்லை. ஆட்டிசத்தைக் காட்டிக்கொடுக்கும் ரத்தப் பரிசோதனை எதுவும் இன்றுவரை கிடையாது. பேச்சும் கவனிப்பும்தான் முழுப் பரிசோதனையும். உளவியலாளர், மனநல மருத்துவர், பேச்சு-மொழி நிபுணர், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், நர்ஸ் ஆகியோரில் ஓரிருவர் இருப்பார்கள். ஒரே நாளில் முடியலாம், இரண்டு மூன்று தடவையும் ஆகலாம். சில கிளினிக்குகள் வீடியோவிலேயே பேசுகின்றன.

முதலில் உங்கள் கதையைக் கேட்பார்கள். சின்ன வயதில் யாரோடு விளையாடினீர்கள், பள்ளியில் இடைவேளையில் எங்கே நின்றீர்கள், எந்தச் சத்தம் தாங்காது, எந்தத் துணி உறுத்தும், போட்ட திட்டம் மாறினால் உடம்பில் என்ன நடக்கிறது, நட்பு எப்படி முறிந்தது என்று போகும்.

பிறகு, பல இடங்களில் ஏடாஸ் என்ற முறை உண்டு. சரளமாகப் பேசும் பெரியவர்களுக்கு அதன் நான்காம் பகுதி. முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் எடுக்கும். எழுத்தே இல்லாத படப் புத்தகத்தைக் கொடுத்து, பக்கம் பக்கமாகக் கதை சொல்லச் சொல்லலாம். சில சின்னப் பொருட்களை மேஜையில் வைத்து, அவற்றைக் கொண்டு ஒரு கதை கட்டச் சொல்லலாம். 'தனிமை என்றால் உங்களுக்கு என்ன?' என்று கேட்கலாம். 'நாற்பது வயதில் எனக்கு எல்.கே.ஜி. பாடமா?' என்று உங்களுக்குச் சுருக்கென்று இருக்கும். உங்களைச் சிறுமைப்படுத்த அவர்கள் அதைக் கொடுக்கவில்லை. கதை நன்றாக இருந்ததா என்று யாரும் மதிப்பெண் போடுவதில்லை. கதை சொல்லும்போது உங்கள் கை, முகம், குரல் எப்படிப் போகின்றன, எதிரில் இருப்பவரையும் கதைக்குள் சேர்த்துக்கொள்கிறீர்களா என்று பார்க்கிறார்கள். தவறான விடை என்று ஒன்று அந்த அறையில் இல்லை.

கடைசியில் முடிவை உங்களிடம் விளக்குவார்கள். எழுத்தில் ரிப்போர்ட் வரும். ஒரு நகல் வழக்கமாக ஜி.பி.க்குப் போகும்.

கணக்காளர், நியூ மால்டன்

கே: கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும் என்று கண்ணாடி முன்னால் தினமும் பயிற்சி எடுக்கிறேன். என்ன பேசுவது என்றும் எழுதி மனப்பாடம் செய்கிறேன். வேறு என்ன தயார் செய்யலாம்?

ப: கண்ணாடி முன்னால் நிற்பதை இன்றோடு நிறுத்துங்கள். இந்தப் பகுதியில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பவர்கள் இதைப் படிக்கட்டும்.

வாழ்நாள் முழுக்க 'நல்லபடியாக' நடந்துகாட்டிப் பழகியவர்கள் கிளினிக்கிலும் அதையே செய்கிறார்கள். எதிரில் இருப்பவர் சிரித்தால் சிரிப்பது, மூக்கின் நுனியைப் பார்த்துக்கொண்டு கண்ணைப் பார்ப்பதாகக் காட்டுவது, மனதுக்குள் மூன்று எண்ணி முடித்ததும் பார்வையை விலக்குவது, வானிலை பற்றிப் பேச இரண்டு வாக்கியம் தயாராக வைத்திருப்பது. இதை 'மாஸ்கிங்' என்பார்கள். கிளினிக் ஆட்களுக்கு இது புதிதில்லை. இதை அளக்கவே தனிக் கேள்வித்தாள் வந்துவிட்டது. ஆனாலும், நீங்கள் வாயைத் திறந்து சொன்னால்தான் அதன் முழு விலையும் அவர்களுக்குத் தெரியும்.

சொல்லுங்கள். 'இப்போது உங்கள் கண்ணைப் பார்க்கிறேன் அல்லவா? இது பயிற்சி எடுத்தது.' 'கல்யாண வீட்டில் எல்லோரிடமும் பேசிச் சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் பாத்ரூம் விளக்கை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்திருப்பேன்.' இந்த இரண்டு வாக்கியம், ஒரு மாத ஒத்திகையைவிட அவர்களுக்கு உதவும்.

எழுதி வைப்பது மட்டும் தொடரட்டும். மனப்பாடம் செய்ய வேண்டாம். தாளைக் கொண்டுபோய் வாசியுங்கள், அல்லது அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். தாராளமாக வாங்கிக்கொள்வார்கள்.

முதுகலை மாணவர், நாட்டிங்ஹாம்

கே: நான் எதிர்ப்பக்கம் பயப்படுகிறேன். ஆட்டிசம் பற்றிக் கண்டதையும் படித்துவிட்டேன். 'உனக்கு ஒன்றும் இல்லை, சும்மா நடிக்கிறாய்' என்று சொல்லிவிட்டால்?

ப: 'ஆட்டிசம் இல்லை' என்று சொல்லலாம். 'நடிக்கிறாய்' என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டதுதான் உங்கள் தூக்கத்தைக் கெடுக்கிறது. உங்களுக்கு இருக்கும் சிரமம் உண்மை. அதற்கு ஏ.டி.எச்.டி., சமூகப் பதற்றம், பழைய அதிர்ச்சி என்று வேறு காரணம் இருக்கலாம். இரண்டு மூன்று சேர்ந்தும் இருக்கலாம். 'இல்லை' என்று வந்தால் மூன்று கேளுங்கள்: எதை வைத்து அப்படிச் சொல்கிறீர்கள்? அப்படியானால் என் சிரமத்துக்கு விளக்கம் என்ன? அடுத்து நான் எங்கே போவது? பதில் திருப்தி தரவில்லை என்றால் இன்னொரு கருத்து கேட்கலாம். படித்துவிட்டுப் போவதும் குற்றமில்லை. தன்னைத் தேடித்தான் பலர் அந்த வாசலுக்கே வருகிறார்கள்.

ஒரு தாய், கும்பகோணம்

கே: லண்டனில் இருக்கும் என் மகனுக்கு 36 வயது. கிளினிக்கிலிருந்து என்னிடம் வீடியோவில் பேசி, அவன் சின்ன வயதைப் பற்றிக் கேட்பார்களாம். நான் வேலைக்குப் போனதால், அவனைச் சரியாகத் தூக்கிக் கொஞ்சாததால் இப்படி ஆகிவிட்டதோ என்று அழுதுகொண்டே இருக்கிறேன். நான் என்ன சொல்ல வேண்டும்?

ப: அம்மா, முதலில் அந்தக் கண்ணீரைத் துடையுங்கள். தாயின் பாசக் குறைவால் ஆட்டிசம் வருகிறது என்று ஒரு காலத்தில் பெரிய படிப்பாளிகளே பேசினார்கள். புரூனோ பெட்டல்ஹைம் 1967-ல் அதற்கு ஒரு புத்தகமே எழுதினார். அவர் சொன்னது தப்பு. ஆட்டிசம் உள்ள ஒரு பையனின் தந்தையும் உளவியலாளருமான பெர்னார்ட் ரிம்லாண்ட் 1964-லேயே, காரணம் உடலில் இருக்கிறது, வளர்ப்பில் இல்லை என்று வாதாடினார். 1977-ல் சூசன் ஃபோல்ஸ்டீனும் மைக்கேல் ரட்டரும் இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வு, மரபணுவின் பங்கு பெரியது என்று காட்டியது. இந்தக் கேள்விக்குப் பின்னால் தடுப்பூசிப் பயமும் இருக்குமானால் அதையும் விட்டுவிடுங்கள். அந்தப் பயத்தைக் கிளப்பிய 1998-ம் ஆண்டுக் கட்டுரையை லான்செட் இதழே 2010-ல் திரும்பப் பெற்றது. எழுதிய ஆண்ட்ரூ வேக்ஃபீல்டின் பெயர் அதே ஆண்டு பிரிட்டனின் மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. நீங்கள் வேலைக்குப் போனதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

என்ன சொல்வது? நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். எப்போது பேச ஆரம்பித்தான், கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தானா, ஒரு பொருளைச் சுட்டிக்காட்டி 'அம்மா, அதோ பார்' என்றானா, மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து விளையாடினானா, கார் பொம்மையை ஓட்டினானா அல்லது சக்கரத்தை மட்டும் சுற்றிக்கொண்டிருந்தானா. மிக்ஸி போட்டால் காதைப் பொத்தினானா, தீபாவளி அன்று எங்கே ஒளிந்தான், தயிர் சாதம் தவிர வேறு எதையும் தொடாத வருஷங்கள் உண்டா. பள்ளிக்கூட ரேங்க் கார்டில் டீச்சர் எழுதிய குறிப்பு இருந்தால் தேடி எடுத்து வையுங்கள்.

ஒன்றே ஒன்றைத் தவிர்க்க வேண்டும். 'என் பையன் தங்கம், ஒரு தொந்தரவும் கொடுத்ததில்லை' என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். அப்படிச் சொன்னால் மகனைக் காப்பாற்றுகிறோம் என்று நினைப்பீர்கள். ஆனால் அவன் இத்தனை வருஷம் தனியாகப் பட்ட பாடு அந்த ரிப்போர்ட்டில் இல்லாமலே போய்விடும்.

ஒரு தமிழர், டூட்டிங்

கே: 95-இல யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்த ஆக்கள் நாங்கள். பள்ளிக்கூடக் காகிதம் ஒண்டும் மிஞ்சேல்லை. அம்மாவும் இப்ப இல்லை. சின்னனில நான் எப்பிடி இருந்தனான் எண்டு சொல்ல ஆளில்லாட்டி கிளினிக்கில திருப்பி அனுப்பிவிடுவினமோ? எனக்கு இருக்கிறது போர் தந்த காயமோ எண்டும் யோசினையாக் கிடக்கு.

ப: ஆள் இல்லை, காகிதம் இல்லை என்பதற்காக உங்களைத் திருப்பி அனுப்பக் கூடாது. 'முடிந்தால்' குடும்பத்தில் ஒருவரையோ பள்ளி ஆவணத்தையோ பாருங்கள் என்றுதான் வழிகாட்டுதல் சொல்கிறது. அக்கா, அண்ணா, சித்தி, ஒரே ஒழுங்கையில் வளர்ந்த சிநேகிதர் என்று உங்களைச் சிறு வயதில் பார்த்த எவரும் சொல்லலாம். அவர்கள் டொராண்டோவில் இருந்தாலும் வீடியோவில் பேசலாம். இடம்பெயர்வை முதல் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். காகிதம் ஏன் இல்லை என்று அவர்களுக்கு முன்கூட்டியே புரியட்டும்.

உங்கள் இரண்டாவது கேள்வி ஆழமானது. சத்தத்துக்குத் திடுக்கிடுவது, கூட்டத்தை ஒதுக்குவது, மனிதர்களோடு ஒட்டாமல் நிற்பது எல்லாம் போரின் காயத்திலும் வரும், ஆட்டிசத்திலும் வரும். பிரித்துப் பார்க்க உதவுவது 'எப்போதிலிருந்து' என்ற கேள்வி. ஷெல் சத்தம் கேட்பதற்கு முன்பே, கோயில் மணி அடிக்கையில் காதைப் பொத்திக்கொண்டு ஓடிய பிள்ளையா நீங்கள்? ஓடுவதற்கு முந்திய நாட்களிலும் தனியாக இருந்து ஒரே விளையாட்டைத்தான் விளையாடினீர்களா? இரவில் வரும் கனவுகள், திரும்பத் திரும்ப வரும் காட்சிகள் எந்த நாளோடு கட்டப்பட்டவை? இரண்டும் ஒருவரிடம் சேர்ந்தே இருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம். போரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால், பாதி உங்களைத்தான் அவர்கள் பார்ப்பார்கள். எவ்வளவு சொல்வது என்பது உங்கள் விருப்பம். 'இதற்கு மேல் இன்று முடியாது' என்று நிறுத்தவும் உங்களுக்கு உரிமை உண்டு.

இல்லத்தரசி, வெம்பிளி

கே: கடைத்தெருவுக்கு வேண்டிய ஆங்கிலம் எனக்கு வரும். மனசில் இருப்பதைச் சொல்லத் தமிழ்தான் வரும். கணவரையே மொழிபெயர்க்கச் சொல்லலாமா?

ப: வேண்டாம். கணவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அவர் எதிரில் சொல்லக் கூச்சப்படும் விஷயம் ஒன்றாவது இருக்கும். உங்கள் மேல் உள்ள பாசத்தால் சொல்லைக் கொஞ்சம் மழுப்பியும் சொல்வார். என்.எச்.எஸ். இலவசமாகத் தமிழ் மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்யும். தேதி கிடைத்த உடனே கேளுங்கள். இலங்கைத் தமிழா, இந்தியத் தமிழா என்பதையும் சொல்லுங்கள்.

இன்னொன்று முக்கியம். பெரியவர்கள் முன்னால் கண்ணைத் தாழ்த்துவது நம் வீட்டில் மரியாதை. கேட்டால்தான் பேசுவது நாம் வளர்ந்த பழக்கம். எதிரில் இருக்கும் நிபுணருக்கு இது தெரியாமல் போகலாம். 'இது எங்கள் ஊர் வழக்கம். ஆனால் இது என்னிடம் மட்டும், என் தங்கையிடம்கூட இல்லை' என்று பிரித்துச் சொல்லுங்கள். அந்தப் பிரிப்பை அவர்களால் செய்ய முடியாது, உங்களால் முடியும்.

இரண்டு குழந்தைகளின் தாய், லெஸ்டர்

கே: மகனுக்கு ஆட்டிசம் என்று சொன்ன டாக்டர், என்னையும் பரிசோதித்துக்கொள்ளச் சொன்னார். கல்யாணம், வேலை, குழந்தை எல்லாம் உள்ள பெண்ணுக்கு இது எப்படி இருக்க முடியும்?

ப: ஏன் முடியாது? மனநல மருத்துவர் லியோ கேனர் 1943-ல் பால்டிமோரிலிருந்து ஆட்டிசம் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் பதினொரு குழந்தைகள். எட்டுப் பேர் ஆண், மூன்று பேர் பெண். அதன் பிறகு நெடுங்காலம் பையன்களை வைத்தே அடையாளங்கள் எழுதப்பட்டன. அடக்கமாக, அமைதியாக, மற்றப் பெண்களைப் பார்த்து அப்படியே செய்து சமாளித்த பெண் யார் கண்ணிலும் படவில்லை. 'அமைதியான பொண்ணு' என்று பெயர் வாங்கிப் பெருமையாக வளர்ந்தவர்களில் எத்தனை பேர் உள்ளுக்குள் மூச்சுத் திணறினார்கள் என்று யாரும் கேட்கவில்லை. பிள்ளையின் ரிப்போர்ட்டைப் படிக்கும்போது தன்னையே படிப்பதுபோல் உணர்ந்து கிளினிக்குக்கு வரும் தாய்மார்களும் தந்தைமார்களும் ஏராளம். உங்கள் மகனுக்கும் அது நல்லதுதான். தன்னைப் புரிந்த ஒருவர் வீட்டிலேயே இருப்பார்.

பஸ் ஓட்டுநர், வடக்கு லண்டன்

கே: 52 வயதாகிறது. இனிமேல் இது தெரிந்து என்ன ஆகப்போகிறது? லைசென்ஸ் வேறு போய்விடுமோ?

ப: இயற்கை ஆர்வலரும் பி.பி.சி. தொகுப்பாளருமான கிறிஸ் பேக்கம் தன்னைத் தெரிந்துகொண்டது 44 வயதில். பாடகி சூசன் பாய்லுக்கு ஐம்பதைத் தாண்டித்தான் தெரிந்தது. பிறக்கும்போதே மூளையில் பாதிப்பு என்று சின்ன வயதிலிருந்து சொல்லப்பட்டவர் அவர். சரியான காரணம் தெரிந்தது நிம்மதி என்று 2013-ல் வெளிப்படையாகவே சொன்னார். மிச்சமுள்ள வருஷங்களைத் தன்னைத் திட்டிக்கொண்டே கழிக்காமல் இருப்பது சின்ன லாபமா?

லைசென்ஸ் தானாகப் போகாது. ஆட்டிசம் உங்கள் வண்டி ஓட்டும் திறனைப் பாதித்தால் மட்டும், லைசென்ஸ் வழங்கும் டி.வி.எல்.ஏ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். நீங்கள் தொழில்முறை ஓட்டுநர் என்பதால் கிளினிக்கிலேயே இதை நேராகக் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வாசகர், ரெடிங்

கே: மாத்திரை போட்டு மயக்கிவைப்பார்களா?

ப: மாட்டார்கள். ஆட்டிசத்தின் அடிப்படைத் தன்மைகளுக்கு மருந்து கொடுக்க வேண்டாம் என்றே நைஸ் சொல்கிறது. கூடவே இருக்கும் பதற்றம், மனச்சோர்வுக்கு மருந்து தேவைப்படலாம். அதுவும் உங்கள் சம்மதத்தோடு.

வங்கி ஊழியர், மில்டன் கீன்ஸ்

கே: ஆபீசுக்குத் தெரிந்துவிடுமா?

ப: கிளினிக் சொல்லாது. நீங்கள் வயது வந்தவர். உங்கள் அனுமதி இல்லாமல் மேலதிகாரிக்கோ மனைவிக்கோ அப்பாவுக்கோ ரிப்போர்ட் போகாது. சொல்வதா வேண்டாமா என்பதை நிதானமாக முடிவு செய்யுங்கள். சொன்னால் 2010-ம் ஆண்டின் சமத்துவச் சட்டம் துணை நிற்கும். சத்தம் குறைந்த இடத்தில் மேஜை, வாய்மொழிக்குப் பதில் எழுத்தில் வேலை விவரம், மீட்டிங்குக்கு முன்பே கேள்விகள் என்று நியாயமான மாற்றங்களைக் கேட்கலாம். செலவாகும் உதவிக்கு 'ஆக்சஸ் டு வொர்க்' என்ற அரசுத் திட்டம் இருக்கிறது.

ஒரு மனைவி, ஹவுன்ஸ்லோ

கே: கிளினிக் பேச்சை எடுத்தாலே அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். 'ஒண்ணும் ஆகாது, பயப்படாதீங்க' என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன்.

ப: ஆறுதலை நிறுத்திவிட்டு விவரத்தைக் கொடுங்கள். ஆட்டிசம் உள்ள பலருக்கு விவரமே ஆறுதல். எந்த ரயில், எத்தனை நிமிட நடை, கட்டிடத்தின் வாசல் எப்படி இருக்கும், உள்ளே எத்தனை பேர், எவ்வளவு நேரம், நடுவில் எழுந்து வெளியே போகலாமா என்று ஒரு தாளில் எழுதி, பேச்சே கொடுக்காமல் மேஜை மேல் வைத்துவிடுங்கள். தெரியாததைக் கிளினிக்குக்கு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். கூட்டம் இல்லாத முதல் நேரம், காத்திருக்க அமைதியான மூலை, கண் கூசாத விளக்கு, நடுவில் இடைவேளை, முன்கூட்டியே கேள்விகள் எல்லாம் கேட்கலாம். ஆட்டிசம் கிளினிக்கில் இதைக் கேட்கக் கூச்சம் எதற்கு? அவர் சம்மதித்தால் கூடவே போங்கள். அவருக்காகப் பதில் மட்டும் சொல்லாதீர்கள்.

வாசகி, பர்மிங்காம்

கே: கிளினிக்கிலிருந்து போன் வந்தால் எடுக்கக் கை நடுங்குகிறது. மூன்று தடவை விட்டுவிட்டேன்.

ப: 'போன் வேண்டாம், கடிதமோ மின்னஞ்சலோ அனுப்புங்கள்' என்று இரண்டு வரி எழுதி இன்றே அனுப்புங்கள். ஜி.பி. ரிசப்ஷன் மூலமாகவும் சொல்லச் சொல்லலாம். தள்ளிப்போட வேண்டாம். பதில் வராவிட்டால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடும் கிளினிக்குகள் பல உண்டு. போன் எடுக்க முடியாததையே பரிசோதனையிலும் சொல்லுங்கள். அவர்கள் தெரிந்துகொள்ள விரும்பும் விஷயம் அது.

ஒரு தந்தை, மில் ஹில்

கே: மகளுக்கு வரன் பார்க்கும் நேரம். இந்த நேரத்தில் மூத்தவன் கிளினிக் போனால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். இரண்டு வருஷம் தள்ளிப்போடச் சொல்லலாமா?

ப: சொல்லக் கூடாது. வரிசையை விட்டு விலகினால் திரும்பக் கடைசியில்தான் நிற்க வேண்டும். கிளினிக்கிலிருந்து விஷயம் வெளியே போகாது. போனால் வீட்டிலிருந்துதான் போகும். குடும்ப வழியில் ஆட்டிசம் வர வாய்ப்பு உண்டு என்பது உண்மை. அது உங்கள் மகன் பரிசோதனைக்குப் போவதால் வந்ததும் இல்லை, போகாவிட்டால் மறைவதும் இல்லை. ஒரு பிள்ளையின் கல்யாணத்துக்கு இன்னொரு பிள்ளையின் நிம்மதியை விலையாக வைக்காதீர்கள். இதைக் கேட்டுப் பின்வாங்கும் சம்பந்தம், நாளைக்கு உங்கள் பேரப் பிள்ளையிடமும் அப்படித்தான் நடந்துகொள்ளும்.

பெயர், ஊர் வேண்டாம்

கே: காத்திருந்து காத்திருந்து, வாழ்வதே வேண்டாம் என்று சில இரவுகளில் தோன்றுகிறது.

ப: நீங்கள் எழுதியதற்கு நன்றி. இதற்கு எந்த வரிசையிலும் நிற்க வேண்டாம். இங்கிலாந்தில் 111-ஐ அழைத்து 2-ஐ அழுத்தினால் மனநல உதவி எந்நேரமும் கிடைக்கும். சமாரிட்டன்ஸ் எண் 116 123, கட்டணம் இல்லை. உயிருக்கு ஆபத்து என்றால் 999. இந்தியாவில் இருந்தால் டெலி மனஸ் 14416. பேச வரவில்லை என்றால் நேரே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய், இந்தக் கேள்வியை எழுதிய தாளையே நீட்டுங்கள். ஆட்டிசம் உள்ள பெரியவர்களுக்கு இந்த ஆபத்து மற்றவர்களைவிட அதிகம் என்பது மருத்துவர்களுக்குத் தெரியும். உங்களை யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள். இன்று இரவே ஒருவரிடமாவது சொல்லிவிடுங்கள்.

ஆய்வு மாணவர், ஆக்ஸ்ஃபோர்டு

கே: 'ஆம், ஆட்டிசம்தான்' என்று சொல்லிவிட்டால் மறுநாள் காலை நான் யார்?

ப: முந்தின நாள் இருந்த அதே நீங்கள்தான். ரசித்தவை, வெறுத்தவை, திறமை, நண்பர்கள் எதுவும் மாறாது. 'சோம்பேறி', 'திமிர் பிடித்தவன்', 'ஒட்டாதவன்' என்று மற்றவர்கள் ஒட்டிய பெயர்கள் மட்டும் ஒவ்வொன்றாக உதிரும். சிலருக்கு முதல் நாள் நிம்மதி, இரண்டாம் நாள் அழுகை, மூன்றாம் நாள் 'இதைப் பத்து வயதில் சொல்லியிருந்தால்!' என்ற கோபம். மூன்றும் நியாயம். இங்கிலாந்தில் ஆட்டிசத்துக்கென்றே 2009-ல் தனிச் சட்டம் வந்தது. இருந்தும் ரிப்போர்ட்டுக்குப் பிறகு கிடைக்கும் உதவி பல ஊர்களில் குறைவுதான். அதனால் அறையை விட்டு வெளியே வரும் முன், 'அடுத்து எனக்கு என்ன உதவி, யார் தருவார்?' என்று கேட்காமல் எழுந்திருக்காதீர்கள்.

வாசகி, சவுத்தால்

கே: அடுத்த மாதம் 12-ம் தேதி என் முறை. கடைசி நிமிடத்தில் ரத்து செய்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

ப: உடம்பு முடியவில்லை என்றால் தேதி மாற்றிக் கேளுங்கள், ரத்து செய்யாதீர்கள். பயந்துகொண்டே போகலாம், தடுமாறிக்கொண்டே பேசலாம், நடுவில் அழலாம். காதுக்கு ஹெட்போன், கையில் உருட்ட ஏதாவது ஒன்று, எழுதிய தாள் எல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல பெண்ணாக நடந்துகாட்ட வேண்டிய அவசியம் அங்கே இல்லை. இருக்கிறபடி போய் உட்காருங்கள், அது போதும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலும் ஒருவர் இந்தக் கடிதத்தோடு காத்திருந்தால், 'உனக்கென்ன குறைச்சல், எல்லாம் உன் கற்பனை' என்று சொல்லாதீர்கள். 'எத்தனை மணிக்குப் போகணும்? நான் கூட வரட்டுமா?' என்று கேளுங்கள்.